குட்டிப் பச்சோந்திக்கு என்ன ஆச்சு? அறிகுறி வாரியாகக் கோளாறைப் பிடிக்கும் வழி

குட்டிப் பச்சோந்தி வளர்ப்பவர்கள் கேட்கும் கேள்விகள் திரும்பத் திரும்ப ஒரே ஏழெட்டுதான். பகலிலேயே கண்ணை மூடிக்கொள்கிறது, சாப்பிட மாட்டேன் என்கிறது, கால் வளைகிறது, வாயைத் திறந்தே வைத்திருக்கிறது. எல்லாரும் முதலில் சந்தேகப்படுவது தீனியை. நெருங்கிப் பார்த்தால் கோளாறு விளக்கிலோ வெப்பத்திலோ தண்ணீரிலோ இருக்கும். அதனால் கீழே எந்த அறிகுறியாக இருந்தாலும் கூண்டைத்தான் முதலில் பார்க்கச் சொல்கிறேன், பூச்சி அப்புறம், மருந்து கடைசி.

இது பிறந்து ஆறேழு மாதம் வரை உள்ள குட்டிகளுக்கு. எண்கள் ஏமன் பக்கத்து வெய்ல்டு வகைக்கும் மடகாஸ்கரின் பேந்தர் வகைக்கும் பொருந்தும். கிழக்கு ஆப்பிரிக்க மலைகளைச் சேர்ந்த ஜாக்சன் வகை கொஞ்சம் குளிர்ச்சி விரும்பும், அதற்கு வெப்பத்தை இரண்டு டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள்.

## எதையும் மாற்றும் முன் அளவெடுங்கள்

குட்டி சோர்ந்தவுடன் பல்பை மாற்றி, செடியை மாற்றி, புது விட்டமின் வாங்கித் தூவி, எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்துவிடுவார்கள். அப்புறம் எது உதவியது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். அதற்கு முன் இவை கையில் இருக்க வேண்டும்.

வெப்பம். கம்பி நுனி வைத்த டிஜிட்டல் வெப்பமானி வேண்டும். வெப்பப் பல்புக்குக் கீழே வெயில் காயும் கிளையில், குட்டியின் முதுகு வரும் உயரத்தில் நுனியைக் கட்டிவிட்டு, பல்பு எரியத் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்துப் படியுங்கள். 27 முதல் 29 டிகிரி செல்சியஸ் இருந்தால் சரி. கூண்டின் கீழ்ப்பகுதி 22 – 24, இரவில் 18 – 20 வரை இறங்கலாம், இறங்குவது நல்லதும்கூட. சுவரில் ஒட்டுகிற வட்ட முள் மீட்டர் காட்டுவது அந்தச் சுவரின் வெப்பத்தைத்தான்.

யூவிபி விளக்கு, அதாவது உடம்பு விட்டமின் டி3 தயாரிக்க உதவும் புற ஊதாக் கதிர் விளக்கு. நீளமான டி5 (மெல்லிய வகை) குழல்விளக்கு, மேலே 5.0 அல்லது 6% என்று எழுதியிருக்கும். கூண்டின் வலைக்கு மேல் வைத்தால் குட்டியின் முதுகுக்கும் விளக்குக்கும் இடையே 20 – 25 செ.மீ. இருக்கட்டும். எப்போது வாங்கியது என்று பாருங்கள். வெளிச்சம் பளிச்சென்று இருக்கும்போதே யூவிபி குறைந்துபோயிருக்கும். டி5 என்றால் ஒரு வருடம், பழைய டி8 என்றால் ஆறு மாதம், அதற்கு மேல் நம்ப வேண்டாம். விளக்குக்கும் குட்டிக்கும் நடுவில் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இருந்தால் விளக்கே இல்லாத மாதிரிதான். ஜன்னல் வழியே வரும் வெயிலும் அப்படியே.

ஈரப்பதம். பகலில் 40 – 50%, பேந்தருக்கு இன்னும் சற்று மேலே. இரவில் குளிர்ந்த நேரத்தில் 80%க்கு மேல் போகலாம். பகலில் சூடும் ஈரமும் சேர்ந்து அடைந்து கிடக்கக் கூடாது.

எடை. கிராம் காட்டும் சிறு தராசில் வாரம் ஒரு முறை. வளரும் குட்டிக்கு எடை ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் யோசியுங்கள், இறங்கினால் கவலைப்படுங்கள்.

எச்சம். பழுப்பு உருண்டையும் அதோடு ஒட்டிய வெள்ளைப் பகுதியும். வெள்ளை வெள்ளையாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி, இதற்குத் திரும்ப வருவோம்.

## இவை தெரிந்தால் மேலே படிக்க வேண்டாம், மருத்துவரிடம் போங்கள்

கூண்டின் தரையில் கிடந்து கிளையைப் பிடிக்க முடியாமல் தவிக்கிறது. மூக்கிலோ வாயிலோ நுரையும் கோழையும். கழிவுத் துளை வழியே சிவந்த சதை வெளியே தள்ளியிருக்கிறது (அதைக் காயவிடாமல் சுத்தமான ஈரத் துணியால் மூடிக்கொண்டு போங்கள், உள்ளே தள்ளிப் பார்க்காதீர்கள்). கால் இருக்கக் கூடாத இடத்தில் மடங்கியிருக்கிறது. வலிப்பு மாதிரி இழுக்கிறது. வெளியே வந்த நாக்கு உள்ளே போகவில்லை.

நாய் பூனை மட்டும் பார்க்கும் மருத்துவர் அல்ல, ஊர்வன பார்த்துப் பழகியவராக இருக்க வேண்டும். அவர் யார், எங்கே இருக்கிறார் என்று குட்டி நன்றாக இருக்கும்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் குட்டிகளிடம் பெரியவற்றுக்கு இருக்கும் கொழுப்பும் நீரும் சேமிப்பில் இல்லை, மூன்று நாள் பொறுத்துப் பார்ப்போம் என்பது இங்கே நீண்ட காலம்.

## பகலில் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது

இதுதான் பெரிய அறிகுறி. பச்சோந்தி பகலில் தூங்கும் பிராணி இல்லை. விளக்கு எரியும் நேரத்தில் கண்ணை மூடினால் ஏதோ சரியில்லை என்று பொருள், குட்டிக்குக் களைப்பு என்று சொல்லித் தள்ளிப்போடாதீர்கள்.

### ஒரு கண் மட்டும் மூடியிருந்தால்

தூசி, தோல் உரிந்த துண்டு, கால்சியம் பொடி, செடியின் முனை இவற்றில் ஒன்று போயிருக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரை மெல்லிய தூவலாக ஐந்து நிமிடம் போல் தொடர்ந்து தூவுங்கள். நேராக முகத்தில் அடிக்காமல் மேலிருந்து மழை மாதிரி விழட்டும். கண்ணைப் புடைத்து, உருட்டி, கிளையில் தேய்த்துத் தானே கழுவிக்கொள்ளும். காலையும் மாலையும் செய்து இரண்டு நாளில் திறக்கவில்லை என்றால், அல்லது இமை வீங்கி உள்ளே கட்டியாகத் தெரிந்தால், மருத்துவர். கையால் இமையை விரித்துப் பார்ப்பது, மனிதர் கண்ணுக்கு வாங்கிய சொட்டு மருந்தை விடுவது இரண்டும் வேண்டாம்.

### இரண்டு கண்ணும் மூடியிருந்தால்

முதலில் எச்சத்தைப் பாருங்கள். வெள்ளைப் பகுதி ஆரஞ்சாக, கட்டியாக இருந்தால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது, கீழே தண்ணீர்ப் பகுதிக்குப் போங்கள். கண் உள்வாங்கிக் குழி விழுந்திருந்தாலும் அதே சந்தேகம்தான்.

எச்சம் வெள்ளையாக இருக்கிறது என்றால் விளக்கு. சுருள் வடிவ யூவிபி பல்பு, அல்லது பாலைவனப் பல்லிகளுக்கான 10 – 12% குழல் கிட்டத்தில் இருந்தால் கண் கூசும். இதைச் சோதிக்கச் சுலபமான வழி, யூவிபியை ஒரு நாள் அணைத்துவிட்டு அறை வெளிச்சத்தில் கண்ணைத் திறக்கிறதா என்று பார்ப்பது. திறந்தால் விளக்கை மாற்றுங்கள். ஒரு நாளுக்கு மேல் அணைத்து வைக்காதீர்கள்.

அடுத்தது வெப்பம். கிளை 24 டிகிரிக்குக் கீழே கிடந்தால் குட்டி முழுதாக விழிக்கவே இல்லை என்று அர்த்தம். இரவில் சிவப்பு பல்பு போட்டு வைத்திருந்தால் தூக்கம் கெட்டு அதைப் பகலில் தூங்கித் தீர்க்கப் பார்க்கும். 12 மணி நேரம் முழு இருட்டு வேண்டும். சிவப்பு வெளிச்சம் அதற்குத் தெரியாது என்று சொல்லித்தான் விற்கிறார்கள், தெரியும்.

வெப்பம், விளக்கு, தண்ணீர் மூன்றும் சரியாக இருந்தும் இரண்டு கண்ணும் மூடியிருக்கிறது என்றால் விட்டமின் ஏ குறைவு, தொற்று, குடல் ஒட்டுண்ணி, சிறுநீரகம் என்று பட்டியல் வீட்டுக்கு வெளியே போய்விடுகிறது. விட்டமின் ஏவை நீங்களே வாங்கிக் கொடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றும். குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல் என்பதால் இதை மட்டும் மருத்துவர் அளவில் விடுங்கள். 24 மணி நேரத்துக்குள் போய்விடுவது நல்லது.

## சாப்பிட மறுக்கிறது

### வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை

புது இடம். ஒன்றும் செய்யாதீர்கள், அதுதான் வைத்தியம். கூண்டின் மூன்று பக்கத்தையும் துணியோ அட்டையோ வைத்து மறையுங்கள், இலை அடர்த்தியாக இருக்கட்டும், உங்கள் தலைக்கு மேலான உயரத்தில் குட்டி உட்காரும்படி கூண்டைத் தூக்கி வையுங்கள். தரையில் வைத்த கூண்டில் நாம் நடந்து போவதெல்லாம் அதற்கு மேலிருந்து பாயும் கழுகுதான். தீனியைப் போட்டுவிட்டு அறையை விட்டுப் போய்விடுங்கள். தண்ணீர் குடித்துக்கொண்டு, கண் திறந்து, கிளையில் ஏறி வெயில் காய்ந்தால் மூன்று நாலு நாள் குறைவாகச் சாப்பிடுவது பெரிய விஷயம் இல்லை. பிறந்து சில வாரமே ஆன பொடிக் குட்டி என்றால் இந்தப் பொறுமை வேண்டாம், இரண்டு நாள்தான் கணக்கு.

### பூச்சியைப் பார்க்கிறது, ஆனால் பிடிக்கவில்லை

பூச்சி பெரியது. குட்டியின் இரண்டு கண்ணுக்கும் நடுவில் உள்ள அகலத்தைவிட நீளமான பூச்சி வேண்டாம். பிறந்த குட்டிக்குப் பறக்காத பழ ஈயும் கடுகு அளவுக் கிரிக்கெட் பூச்சியும் (சுவர்க்கோழி)தான் சரிவரும். கிரிக்கெட் பூச்சி அளவு என்று பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் நேரில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பூச்சி சரியான அளவுதான் என்றால், அது எங்கே போகிறது என்று கவனியுங்கள். பெரிய கூண்டில் இருபது பொடிப் பூச்சியைக் கொட்டினால் அவை பத்து நிமிடத்தில் வலையின் மூலையிலும் தொட்டி மண்ணிலும் மறைந்துவிடும். குட்டி மறுக்கவில்லை, அதற்குக் கிடைக்கவில்லை. பெரிய கூண்டு கெடுதல் இல்லை, தீனி சிதறுவதுதான் கெடுதல். ஒளிபுகாத குவளை ஒன்றின் உள்பக்கம் ஒரு பக்கத்தில் மட்டும் சின்ன வலைத்துண்டு ஒட்டி, வெயில் காயும் கிளைக்கு ஒரு சாண் கீழே கட்டிவிடுங்கள். பூச்சிகள் அந்த வலையில் ஏறி நிற்கும், குட்டி குனிந்து நாக்கை வீசிப் பிடிக்கும். இரண்டு மூன்று நாளில் குவளையைப் பார்த்ததும் வந்துவிடும். பிறந்து சில வாரம் வரை சிறு பெட்டிக் கூண்டு, மூன்று மாதம் அளவில் 40 × 40 × 75 செ.மீ. வலைக்கூண்டு, வளர்ந்தபின் 60 × 60 × 120. இடையில் மாற்றியதும் தீனி குறைந்தால் இந்தக் குவளைதான் பதில்.

### பார்ப்பதே இல்லை

நேற்று வரை சாப்பிட்டதா? தோல் மங்கி வெளுத்திருக்கிறதா? உரிக்கப் போகிறது, ஒன்றிரண்டு நாள் விடுங்கள். மாதக்கணக்காக ஒரே பூச்சி மட்டும் போட்டிருந்தால் சலித்துப்போய் நிறுத்திவிடும், இது வேடிக்கையாகத் தோன்றினாலும் உண்மை. பட்டுப்புழு, டூபியா கரப்பான், பிளாக் சோல்ஜர் ஈயின் புழு, பச்சை நிறத்தில் எது அசைந்தாலும் சரி, மாற்றிக் காட்டுங்கள். தோட்டத்தில் பிடித்த பூச்சி வேண்டாம், எங்கே என்ன மருந்து அடித்திருக்கிறார்கள் என்று தெரியாது. மின்மினிப் பூச்சி கண்டிப்பாக வேண்டாம், சில வகைகளில் ஒன்றே கொல்லப் போதும்.

வெப்பத்தை மறுபடி அளங்கள். குளிர்ந்த உடம்பில் செரிக்காது, செரிக்காதபோது பசிக்காது. அதையும் தாண்டி எடை இறங்கினாலோ எச்சம் சளியாக, நாற்றமாக வந்தாலோ குடல் ஒட்டுண்ணியைச் சந்தேகியுங்கள். ஈரமான புது எச்சத்தைச் சிறு டப்பாவில் எடுத்துப் போனால் மருத்துவர் அன்றைக்கே பார்த்துச் சொல்லிவிடுவார். மலிவான சோதனை இது. காட்டில் பிடித்து விற்ற குட்டி என்ற சந்தேகம் இருந்தால் அறிகுறி வரும் வரை காத்திருக்காமலே செய்துவிடுங்கள்.

வாயைப் பிளந்து ஊட்டாதீர்கள். தாடை எலும்பு மெத்தென்று இருக்கும் வயது, ஊட்டல் வேண்டுமா என்று மருத்துவர் சொல்லட்டும்.

### நாக்கை நீட்டுகிறது, எட்டவில்லை அல்லது ஒட்டவில்லை

பூச்சி மேல் கால்சியம் பொடி அப்பிக் கிடந்தால் நாக்கு வழுக்கும். லேசாகப் படிந்தால் போதும், மாவில் புரட்டிய பலகாரம் மாதிரி ஆக்க வேண்டாம். பூச்சி வலையின் நூலைப் பிடித்திருக்கும்போது நாக்கை வீசி இழுத்துக்கொண்டதா என்றும் பாருங்கள், அதனால் சுளுக்கு மாதிரி ஆகி ஒரு வாரம் நாக்கைப் பயன்படுத்தாமல் இருக்கும். அந்த நாட்களில் குவளையின் விளிம்புக்கு அருகில் தீனியை வைத்தால் வாயாலேயே கவ்வும்.

நாளுக்கு நாள் தூரம் குறைந்துகொண்டே வந்தால் அது வேறு. கால்சியக் குறைவின் முதல் அடையாளம் இது. அடுத்த பகுதிக்குப் போங்கள், மருத்துவர் நாளையும் குறித்துக்கொள்ளுங்கள்.

## கால் வளைகிறது, நடுக்கம், பிடி தளர்கிறது

முன்னங்கால் வில் மாதிரி வெளியே வளைவது, நடக்கும்போது வயிறு கிளையில் உரசுவது, தாடை ரப்பர் மாதிரி அமுங்குவது, கையை நீட்டி அடுத்த கிளையைப் பிடிக்கும்போது விரல்கள் நடுங்குவது. வளர்ப்பவர்கள் எம்பிடி என்று சொல்லும் எலும்பு நோய் இது. வேகமாக எலும்பு வளரும் வயது என்பதால் குட்டிகளிடம் வாரக்கணக்கில் முற்றிவிடும்.

நடக்கும்போது முன்னும் பின்னும் ஆடி ஆடிப் போவதை நடுக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அது காற்றில் ஆடும் இலை மாதிரி நடிப்பது, இயல்பு.

பார்க்க வேண்டியது இந்த வரிசையில்:

1. யூவிபி குழல் எத்தனை மாதம் ஆனது, எவ்வளவு தூரம், நடுவில் என்ன இருக்கிறது. செடி வளர்ந்து விளக்கை மறைத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன்.
2. கால்சியம் பொடி. விட்டமின் டி3 இல்லாத வெறும் கால்சியம் ஒவ்வொரு தீனிக்கும் லேசாக, டி3யும் மல்ட்டிவிட்டமினும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. டப்பாவின் காலாவதித் தேதியைப் பாருங்கள். பாஸ்பரஸ் சேர்த்த பொடி வேண்டாம், கிரிக்கெட் பூச்சியிலேயே அது கால்சியத்தைவிடப் பல மடங்கு இருக்கிறது.
3. பூச்சி என்ன தின்றது. கடையிலிருந்து வந்த பசித்த பூச்சி வெறும் ஓடு. ஒரு நாளாவது கடுகுக்கீரை, கேரட், சர்க்கரைவள்ளிக் கிழங்கு போட்டு வைத்துவிட்டு அப்புறம் கொடுங்கள்.
4. வெப்பம். சூடு பற்றாமல் போனால் டி3 தயாரிப்பும் மந்தம், செரிமானமும் மந்தம்.

இந்த நாலும் இனிமேல் கெடாமல் தடுக்கும், வளைந்ததை நிமிர்த்தாது. வளைவு கண்ணுக்குத் தெரிகிறது என்றால் மருத்துவர்தான், எக்ஸ்ரே எடுத்து, திரவக் கால்சியமோ ஊசியோ என்று அவர் முடிவு செய்ய வேண்டும். பயந்துபோய் டி3 பொடியைத் தினமும் தூவ ஆரம்பிக்காதீர்கள். கூடிப்போன டி3 தங்கிவிடும், கழுத்துப் பக்கம் நீர் கோத்து வீங்குவதில் தொடங்கிச் சிறுநீரகம் வரை போகும். மருத்துவரைப் பார்க்கும் வரை கிளைகளைத் தாழ்வாகவும் நெருக்கமாகவும் கட்டி, கீழே மெத்தென்று துணி விரித்து வையுங்கள். விழுந்தால் இந்த எலும்பு ஒடியும். தூக்கும்போது கிளையோடு தூக்குங்கள், விரலைப் பிரித்து இழுக்க வேண்டாம்.

## எச்சத்தில் மஞ்சள், ஆரஞ்சு

வெள்ளைப் பகுதியின் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மஞ்சள் என்றால் பரவாயில்லை. பாதிக்கு மேல் மஞ்சள் என்றால் தண்ணீர் குறைகிறது. முழுக்க ஆரஞ்சு, சுண்ணாம்புக் கட்டி மாதிரி உலர்ந்திருந்தால் ரொம்ப நாளாகவே குறைகிறது.

கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருக்கிறேனே என்பார்கள். தேங்கிய தண்ணீரைப் பெரும்பாலான பச்சோந்திகள் தண்ணீராகவே கண்டுகொள்வதில்லை, இலையில் பளபளக்கும் துளியைத்தான் நக்கும். கிண்ணம் கூண்டில் செய்யும் வேலை பூச்சியை மூழ்கடிப்பதும், சில நேரம் பொடிக் குட்டியை மூழ்கடிப்பதும்தான், எடுத்துவிடுங்கள்.

விளக்கு போடும் முன் காலையில் இரண்டு நிமிடம், விளக்கு அணைந்தபின் இரண்டு நிமிடம் மெல்லிய தூவல். பலர் நாலு முறை விசிறிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். துளி விழ ஆரம்பித்ததும் முதலில் கண்ணைக் கழுவும், யோசிக்கும், அப்புறம்தான் குடிக்கும். நீங்கள் நிறுத்தும்போது அது ஆரம்பித்திருக்காது. பகலில் மேலே ஒரு சொட்டுக் குப்பி, ஒரு நொடிக்கு ஒரு துளி, இலை மேல் விழும்படி. அடியில் தட்டு வைத்துத் தினமும் கொட்டுங்கள். நடுப்பகலில் சூடான கூண்டை ஈரத்திலேயே ஊறப் போட வேண்டாம், அது வேறு வினையில் முடியும், அடுத்த பகுதியில் வருகிறது.

வாய்க்குள் ஊசிக்குழாயால் பீய்ச்சக் கூடாது, மூச்சுக்குழல் வாயிலேயே முன்னால் இருக்கிறது, நேராக நுரையீரலுக்குப் போய்விடும். மூக்கு நுனியில் ஒரு துளி வைத்தால் நக்கிக்கொள்ளும், அவ்வளவுதான். ஒழுங்காகத் தண்ணீர் கொடுத்து மூன்று நாளில் வெள்ளை திரும்பவில்லை, அல்லது கண்ணும் குழி விழுந்திருக்கிறது என்றால் ஊசி வழி நீரேற்றம் தேவைப்படலாம், மருத்துவர்.

## வாயைத் திறந்தே வைத்திருக்கிறது

எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். பல்புக்குக் கீழே, உடம்பு வெளுத்து, வாய் திறந்து: சூடு அதிகம். பல்பின் வாட்டைக் குறையுங்கள் அல்லது உயர்த்துங்கள். அது நகர்ந்து போக வேண்டியதுதானே என்று நினைக்கலாம், குட்டிகள் சில நேரம் நகராமல் முதுகைச் சுட்டுக்கொள்ளும். கூண்டு முழுவதும் ஒரே சூடாக இருந்தால் நகர இடமும் இருக்காது. வலையின் கூரையில் தொங்கிப் பல்பைத் தொடும் தூரத்துக்கு வருகிறதா என்றும் பாருங்கள், வெய்ல்டின் தலைக்கொண்டை நுனி கருகுவது இப்படித்தான்.

உங்களைப் பார்த்தவுடன் திறந்து, உடம்பைப் புடைத்து, சீறினால் அது கோபம். தள்ளிப் போங்கள்.

குளிர்ந்த நேரத்தில், அதிகாலையில், விளக்கு அணைந்த பின்னும் வாய் திறந்திருந்தால், மூக்கை மேலே தூக்கி உட்கார்ந்தால், மூச்சில் சொடக்குச் சத்தமோ விசிலோ கேட்டால் மூச்சுத்தொற்று. சூட்டிலோ குளிரிலோ காயாமல் நிற்கும் ஈரமும் காற்றோட்டம் இல்லாத கண்ணாடிப் பெட்டியும் சேர்ந்தால் வருவது. தூவலைக் காலை ஒரு வேளையாகக் குறைத்து, பகல் வெப்பத்தைச் சரியான அளவில் பிடித்து, கூண்டு நாளில் ஒரு முறையாவது முழுதாகக் காயும்படி செய்யுங்கள். ஆனால் இது வீட்டில் குணமாகும் நோய் இல்லை, ஆன்டிபயாடிக் வேண்டும், எந்த மருந்து எத்தனை மில்லி என்பது கிராம் எடையைப் பொறுத்தது. அன்றே அல்லது மறுநாள் போங்கள்.

## கறுத்தே இருக்கிறது, அல்லது வலையில் ஏறி அலைகிறது

காலையில் கறுப்பாக, பல்புப் பக்கம் உடம்பைத் தட்டையாக்கிக்கொண்டு நின்றால் வெயில் காய்கிறது. ஒரு மணி நேரத்தில் நிறம் திரும்பிவிடும். நாள் முழுக்கக் கறுப்பு என்றால் வெப்பம் போதவில்லை, இல்லையென்றால் எதையோ பார்த்துப் பயப்படுகிறது. எதிரே கண்ணாடி, பூனை, இன்னொரு பச்சோந்தியின் கூண்டு, மின்விசிறியின் நிழல், இவற்றை ஒவ்வொன்றாக மறைத்துப் பாருங்கள்.

ஒரே கூண்டில் உடன்பிறந்த குட்டிகள் இருந்தால் அதற்கு மேல் தேட வேண்டாம். சண்டை போடவே இல்லையே என்பார்கள். கடிப்பதில்லை, பெரியது நல்ல கிளையில் உட்காரும், சின்னது கீழே கறுத்து, சாப்பிடாமல் தேயும். எடை எழுதி வைத்திருந்தால் இரண்டு வாரத்திலேயே இந்த இடைவெளி தெரியும். பிரியுங்கள், மூன்று மாதத்துக்குள் எப்படியும் பிரித்தாக வேண்டும், கூண்டுகளுக்கு நடுவில் தட்டியும் வையுங்கள்.

வலையில் ஏறி இறங்கி ஓயாமல் அலைவது: உள்ளே கிளை போதவில்லை, அல்லது மறைய இலை இல்லை. இதற்கு மருந்தே செடிதான். மணி பிளான்ட், குடைச்செடி, செம்பருத்தி என்று அடர்த்தியாக வையுங்கள், படுக்கைவாட்டில் வெவ்வேறு கனத்தில் கிளைகள் கட்டுங்கள், குட்டியின் விரல் முக்கால்வாசி சுற்றிப் பிடிக்கும் கனம். செடியை வைக்கும் முன் இலைகளைக் கழுவுங்கள், வெய்ல்டு இலையையும் தின்னும். இரவில் மிஞ்சிய கிரிக்கெட் பூச்சிகளையும் எடுத்துவிடுங்கள், தூங்கும் குட்டியின் தோலைக் கடிக்கும், அது ஒன்றே அலைய வைக்கப் போதும்.

### ஐந்து மாதம் தாண்டிய பெண் என்றால்

வெய்ல்டு பெண்கள் ஆண் இல்லாமலே முட்டை வைக்கும், சில இந்த வயதிலேயே தொடங்கிவிடும். வயிறு பக்கவாட்டில் உருண்டு, தீனி குறைந்து, கீழே இறங்கி மண்ணைக் கீறினால் அடி முதல் நுனி வரை 30 செ.மீ. ஆழமுள்ள தொட்டியில் ஈரமணல் நிரப்பி உள்ளே வையுங்கள், விரலால் குடைந்தால் சரியாமல் நிற்கும் அளவு ஈரம். கூண்டை மூடி மறைத்துவிட்டு எட்டிப் பார்க்காமல் இருங்கள், பார்த்தால் பாதியில் விட்டுவிடும். தோண்டியது நின்று, முட்டையும் வராமல், கண்ணை மூடிச் சோர்ந்தால் முட்டை அடைத்துக்கொண்டிருக்கிறது. அது இரவானாலும் மருத்துவர்.

## கோளாறே இல்லாதவை

இரவில் வெளுத்துப் போய் வாலைச் சுருட்டித் தூங்குவது. ஒரு கண் பந்து மாதிரி புடைத்துச் சுழன்று சில நொடியில் அடங்குவது, அது கண்ணைச் சுத்தம் செய்கிறது. மூக்குத் துளையருகே வெள்ளைப் பொடி, உடம்பின் அதிக உப்பை அப்படி வெளியேற்றுகிறது. உங்களைப் பார்த்ததும் கிளைக்குப் பின்னால் தட்டையாக நகர்ந்து ஒளிவது. தோல் திட்டுத் திட்டாக உரிவது. இழுக்காதீர்கள், கால் விரலிலும் வால் நுனியிலும் வளையம் மாதிரி இறுகி நின்றால் மட்டும் தூவலைக் கூட்டி, அப்படியும் போகவில்லை, நுனி கறுக்கிறது என்றால் காட்டுங்கள்.

## மருத்துவரிடம் போகும்போது

கூண்டின் படம், விளக்கும் கிளையும் ஒரே சட்டத்தில் தெரியும்படி. யூவிபி குழலில் அச்சடித்த எழுத்துகளின் படம். பொடி டப்பாக்கள், அப்படியே கையோடு. எடைக் குறிப்பு. அன்றைய எச்சம், காயாமல் ஈரக் காகிதத்தோடு. குட்டியைத் துளையிட்ட சிறு பெட்டியில், நடுவில் அசையாமல் கட்டிய ஒரு கிளையில் உட்கார வைத்து, மேலே துணி போர்த்தி எடுத்துப் போங்கள். இருட்டில் அமைதியாக இருக்கும். வண்டியில் ஏசியைக் குறைத்து வையுங்கள், வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் ஒரு நிமிடம்கூட விட்டுவிட்டுப் போக வேண்டாம். கிளம்பும் முன் வழக்கம்போல் ஒரு தூவல் கொடுத்துவிடுங்கள், தீனி மட்டும் வேண்டாம்.